எங்க ஊரு எந்தக் கட்சி ஊரு?

கேள்வி, 19.4.2024, இரவு 9.40

சின்ன ஊர்க்காரங்க யாராச்சும் பதில் சொல்லுங்க. நான் சென்னை. எங்க அபார்ட்மெண்ட்ல பாதிப் பேரு இன்னிக்கு ஓட்டே போடல, வெள்ளிக்கிழமை லீவு கெடச்சுதுன்னு ஏலகிரி கிளம்பிட்டாங்க. உங்க பக்கம்லாம் எப்பவும் எண்பது சதவீதத்தைத் தொடுறீங்க. காசு வாங்கிட்டு வர்றீங்களா, இல்ல நெஜமாவே அவ்ளோ கட்சிப் பற்றா? உங்க ஊரு எந்தக் கட்சி ஊரு?

பதில், 19.4.2024, இரவு 10.55

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு தொகுதி. ஊர் பேரு வேணாம், ஒரு பேரூராட்சின்னு வச்சுக்கங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், வோட்டர் ஐடி அப்ளை பண்றது, லேமினேஷன், எல்லாம் நம்ம கிட்டதான்.

பதில் சிம்பிள். எங்க ஊரு அ.தி.மு.க. ஊரு. 2001, 2006, 2011, 2016, 2021, அஞ்சு தடவையும் கே.பி.அன்பழகன்தான் ஜெயிச்சாரு. 2006ல ஆட்சி போச்சு, 2021ல ஆட்சி போச்சு, இவரு போகல. அதே 2021ல தமிழ்நாட்டுலயே அதிகமா ஓட்டு விழுந்தது எங்க பாலக்கோடு, 87.33 சதவீதம். கடைசி உங்க வில்லிவாக்கம், 55.52. கட்சிப் பற்று இருக்கு, அதனால ஓட்டு விழுது. முடிஞ்சுது.

20.4.2024, மதியம்

நேத்து ராத்திரி கணக்கு சொன்னாங்கல்ல, மாநிலம் மொத்தம் 72.09, கள்ளக்குறிச்சி முதல் இடம்னு. இன்னிக்குப் பாத்தா மாநிலம் 69 சொச்சத்துக்கு வந்துடுச்சு, கள்ளக்குறிச்சி கீழ போயி எங்க தர்மபுரி 81 தாண்டி மொத இடம். மத்திய சென்னை 67ன்னு சொன்னது 54க்கு எறங்கிருச்சு. ஒரே ராத்திரில பதிமூணு சதவீதம் காணாமப் போச்சு. சாயங்காலம் ஆப்ல ஏத்துனது தோராயம், ஒவ்வொரு பூத்லயும் மிஷினை மூடி, எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு 17சி பார்ம்ல எழுதினப்புறம்தான் சரியான கணக்குங்கிறாங்க. இருக்கட்டும். கேள்வி கேட்ட ஏலகிரி அண்ணே, உங்க அபார்ட்மெண்ட் கதை இப்ப பொருந்துது பாருங்க.

21.4.2024

கடைல கூட்டம் இல்ல, அதனால நீளமா எழுதுறேன்.

நேத்து முந்தாநேத்து பெருமையா எழுதினதை எங்க மாமா கிட்ட படிச்சுக் காட்டினேன். "பற்றா? எவனுக்குடா பற்று"ன்னு சிரிச்சுட்டாரு. யோசிச்சா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

2006ல எனக்கு இருவத்தஞ்சு வயசு, ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்டா உக்காந்தேன். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, சோறு போட்டாங்க, உக்காந்தேன். ஏஜென்டுக்கு வேலை என்னன்னா லிஸ்ட்டை மடில வச்சுகிட்டு வந்தவங்க பேரை டிக் அடிக்கிறது. எங்க ஊர்ல அதுக்கு லிஸ்ட்டே பாக்கத் தேவையில்ல, வர்ற ஆளை அடையாளம் தெரியும், அவன் வீட்ல எத்தனை ஓட்டுன்னு தெரியும், மூத்த மருமக மட்டும் ஏன் இன்னும் வரலன்னும் தெரியும். மூணு மணிக்கு மேல வெளிய சீட்டு போகும். வராதவங்க பேரு. வெளிய பந்தல்ல இருக்கிற பசங்க பைக் எடுத்துகிட்டு வீடு வீடா போவானுங்க, "அக்கா இன்னும் வரலையா, வண்டில ஏறுங்க"ன்னு. அதுல எதிர்க்கட்சி வீடும் இருக்கும். யாருக்குக் குத்துவாங்கன்னு தெரியாத வீடும் இருக்கும். கூட்டிட்டுத்தான் வருவானுங்க, ஏன்னா கூப்பிடாம விட்டா அது ஒரு கோவமாயிடும், அடுத்த கல்யாணத்துல பேசுவாங்க.

மறுநாள் டீக்கடைல விரல்ல மை இருக்கான்னு பாக்காதவன் கெடையாது. மை இல்லன்னா "என்னப்பா, ஊர்ல இல்லியா?"ன்னுதான் கேப்பாங்க. ஏன் ஓட்டுப் போடலன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஊர்ல இல்லியான்னுதான். ஸ்கூல்ல வாத்தியாரு பேரு கூப்பிட்டா உள்ளேன் ஐயா சொல்ற மாதிரிதான் பாதிப் பேருக்கு இது.

உங்க அபார்ட்மெண்ட்ல கேட்லயே செக்யூரிட்டி நிறுத்திடுவாரு. பூத் ஸ்லிப்பே லெட்டர் பாக்ஸ்ல கெடக்கும். வராதவங்க லிஸ்ட்டை எடுத்துகிட்டு யாரு பதினோராவது மாடி ஏறுவா?

21.4.2024, ராத்திரி

இன்னொண்ணு விட்டுட்டேன். பெங்களூர்.

எங்க பக்கத்துல மழையும் கம்மி, வேலையும் கம்மி. தக்காளி வெலை இருந்தா மார்க்கெட், இல்லன்னா ரோட்டோரம் கொட்டிட்டு பெங்களூரு ஓசூர் திருப்பூர்னு பஸ் ஏறிடுவாங்க. வியாழக்கிழமை ராத்திரி பூரா வேன் வேனா எறங்கினாங்க. என் கூடப் படிச்சவன் ஒருத்தன் ஹொசூர் ரோட்ல சென்ட்ரிங் வேலை, அவன் சொன்ன கணக்கு: வேன் ஒரு கட்சி, வழில பரோட்டா இன்னொரு கட்சி, ஓட்டு மூணாவது கட்சி. பெங்களூர்ல ஓட்டு அடுத்த வெள்ளி, 26ந்தேதி. அங்கயும் பேரு இருக்கிறவன் எவனாச்சும் இருந்தா விரலைச் சுண்ணாம்பு போட்டுத் தேச்சுகிட்டு இருப்பான்.

23.4.2024

காசு பத்தி ஏன் பேசலன்னு கேட்டிருக்கீங்க. பேசுறேன்.

2021ல எங்க வீட்டுக்கு கவர் வந்துச்சு. அம்மா வாங்கி சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க, நான் திட்டினேன், அப்புறம் அந்தப் பணத்துல கேஸ் சிலிண்டர் வாங்கினோம். யோக்கியன்னு சொல்லிக்க மாட்டேன். யாரு குடுத்தாங்கன்னும் சொல்ல மாட்டேன். வேணும்னா இது மட்டும் சொல்றேன், ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்துச்சு, வீட்ல நாலு ஓட்டு, யாரு யாருக்குப் போட்டாங்கன்னு இன்னிவரைக்கும் எங்களுக்குள்ள பேசினதில்ல.

காசு வந்தாதான் ஓட்டு வரும்ங்கிறது பாதிதான் சரி. இந்தத் தடவை எங்க தெருவுக்கு பைசா வரல. கூட்டம் அதே கூட்டம். எதிர்த் தெருவுக்கு வந்து நமக்கு வரலங்கிற கோவத்துல வீட்லயே உக்காந்த ஒரு ஆளையும் பாத்தேன், அந்தக் கணக்குல பாத்தா காசு ஓட்டைக் கொறைக்கவும் செய்யுது. 2016ல அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் பணப் பட்டுவாடான்னு நிறுத்தி நவம்பர்லதான் நடத்தினாங்க, 2019ல வேலூர் ரத்தாகி ஆகஸ்ட்ல நடந்துச்சு. ரத்து பண்ணா மட்டும் ஜனங்க வராம இருந்தாங்களா?

24.4.2024

பொம்பளைங்களை விட்டுட்டேன்னு என் வீட்டுக்காரம்மாவே திட்டுது. உண்மைதான். தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு 1989ல முதல்ல ஆரம்பிச்சது எங்க தர்மபுரிலதான், பழைய மாவட்டம், கிருஷ்ணகிரி பிரியறதுக்கு முன்னாடி. குழுவுல பன்னெண்டு பேரு, பதினஞ்சு பேரு. சமையல் முடிச்சுட்டு ஒண்ணா கிளம்பி ஒண்ணா லைன்ல நிப்பாங்க. ஒருத்தி வரலன்னா மத்தவங்க அவ வீட்டு வாசல்ல நிப்பாங்க. ஏஜென்ட்டை விட இவங்க ஸ்ட்ராங்.

ஆயிரம் ரூவா உரிமைத்தொகைக்கு விண்ணப்ப முகாமை முதல்வர் 2023 ஜூலைல தொடங்கி வச்சதும் எங்க தொப்பூர்லதான். அந்த மாசம் என் ஜெராக்ஸ் மிஷின் ரெண்டு தடவை சூடாகி நின்னுடுச்சு. லைன்ல அதைப் பத்திதான் பேச்சு, வந்தவங்க வராதவங்க சண்டை. அதனால தி.மு.க. சுலபமா ஜெயிச்சுடும்னு வீட்ல சொல்லுது. நான் பா.ம.க.ங்கிறேன். பத்து ரூவா பந்தயம்.

5.6.2024

பத்து ரூவா போச்சு. ஆனா "சுலபமா"ங்கிறதும் போச்சு. தி.மு.க. மணி ஜெயிச்சாரு, 21,300 ஓட்டு. பா.ம.க. சௌமியா அன்புமணி ரொம்ப நேரம் முன்னாடி இருந்தாங்க, கடைல டிவி போட்டு வச்சிருந்தேன், ஒருத்தன் பட்டாசு வாங்கிட்டு வந்துட்டு மூணு மணிக்கு மேல அதைப் பையோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். அ.தி.மு.க. மூணாவது.

மூணாவது! மேல நான் எழுதினதை யாரும் எடுத்துக் காட்டாதீங்க, நானே வர்றேன்.

6.6.2024

சரி, "அ.தி.மு.க. ஊரு"ன்னு சொன்னது தப்பு. நேத்து ராத்திரி உக்காந்து எழுதிப் பாத்தேன்.

எம்.பி. எலெக்சன், தர்மபுரி: 2004 பா.ம.க. (அப்ப தி.மு.க. கூட்டணி). 2009 தி.மு.க. 2014 அன்புமணி, அதாவது பா.ஜ.க. கூட்டணி. 2019 தி.மு.க. செந்தில்குமார், அன்புமணியை எழுவதாயிரம் ஓட்டுல. 2024 மறுபடி தி.மு.க. இத்தனைக்கும் நடுவுல 2021 சட்டசபைல மாநிலமே தி.மு.க. பக்கம் போனப்ப எங்க மாவட்டத்துல அஞ்சுக்கு அஞ்சும் அ.தி.மு.க.–பா.ம.க. கூட்டணி.

இதை விடப் பெரிய கூத்து 2019 ஏப்ரல் 18. அன்னிக்கே அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் இடைத்தேர்தல். ஒரே நாளு, ஒரே பூத்து, ரெண்டு மிஷின். எம்.பி. சீட்டை தி.மு.க. எடுத்துச்சு, ரெண்டு எம்.எல்.ஏ. சீட்டையும் அ.தி.மு.க. எடுத்துச்சு. லைன்ல நின்ன அதே ஆளுங்க, ஒரு மிஷின்லேர்ந்து இன்னொரு மிஷினுக்கு நாலடி நடக்கிறதுக்குள்ள கட்சி மாறியிருக்காங்க.

பக்கத்து பென்னாகரம் இன்னும் மோசம். 2010 மார்ச் இடைத்தேர்தல்ல அ.தி.மு.க. டெபாசிட்டே போச்சு, தி.மு.க. இன்பசேகரன் ஜெயிச்சாரு. அடுத்த வருசமே அ.தி.மு.க. கூட்டணில நின்ன கம்யூனிஸ்ட் நஞ்சப்பன் அவரையே தோக்கடிச்சாரு. 2016ல திரும்ப இன்பசேகரன், அன்புமணி தோத்தாரு. 2021ல பா.ம.க. ஜி.கே.மணி. பென்னாகரம் எந்தக் கட்சி ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?

8.6.2024

"ஜாதி கணக்கு சொல்லாம தர்மபுரி அரசியல் பேசுறியா"ன்னு ஒருத்தர். நியாயம். ஜாதி இருக்கு, தெருவுக்குத் தெரு இருக்கு, வேட்பாளர் தேர்வே அதை வச்சுதான். ஆனா மேல சொன்ன இருவது வருசத்துல ஜாதிக் கணக்கு மாறல, ரிசல்ட்டு மட்டும் மாறிகிட்டே இருந்துச்சு. ஜாதி ஓட்டு மொத்தமா ஒரு பக்கம் விழுதுன்னா எழுவதாயிரத்துல தோக்கவும் கூடாது, அடுத்த தடவை இருவத்தோராயிரத்துக்கு வரவும் கூடாது. கூட்டணிதான் ஆட்டி வைக்குதுங்கிறது என் எண்ணம். தப்பா இருக்கலாம், ஏற்கனவே ஒரு தடவை தப்பாயிட்டேன்.

பயம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்றேன். மிஷின்ல பூத்வாரியா ஓட்டு தெரிஞ்சுடும். எங்க பூத்ங்கிறது நாலு தெரு. அந்த நாலு தெரு எந்தப் பக்கம் போச்சுன்னு ரிசல்ட்டு வந்த மறுவாரம் கவுன்சிலர் கைல பேப்பர் இருக்கும். தண்ணி பைப் ஒடஞ்சா "உங்க பூத்ல நமக்கு எவ்ளோ விழுந்துச்சுன்னு தெரியும்ல"ன்னு ஒரு தடவை எனக்கே சொன்னாங்க. காகித ஓட்டு காலத்துல எண்றதுக்கு முன்னாடி பல பூத் சீட்டைக் கொட்டிக் கலக்கிடுவாங்க. மிஷினுக்கும் அப்படிக் கலந்து எண்ற கருவியைத் தேர்தல் ஆணையமே 2008ல கேட்டுச்சு, இன்னும் வரல. அதனால எங்க ஜனங்க வாயைத் திறக்கிறதில்ல. "யாருக்குப் போட்ட?"ன்னு கேட்டா "சின்னத்துக்குத்தான்".

2.7.2024

உள்ளாட்சி பத்தி கேட்டவருக்கு. எங்க சித்தப்பா 2022 பிப்ரவரில வார்டுக்கு சுயேச்சையா நின்னாரு. கலர் கலரா நாலு சீட்டு குடுப்பாங்க, அதுல அவரு சின்னம் கடைசி. சொந்தக்காரங்க மட்டும் பத்தொம்பது ஓட்டு. விழுந்தது பதினாலு. மூணு வருசமா அந்த அஞ்சு பேரைத் தேடிகிட்டு இருக்காரு. எங்க சித்தி மேலயே சந்தேகம்.

2.7.2024, கொஞ்ச நேரம் கழிச்சு

திருத்தம்: கலர் சீட்டு கிராமப் பஞ்சாயத்துக்கு. பேரூராட்சிக்கு மிஷின்தான். அப்புறம் 2022லேர்ந்து ரெண்டரை வருசம்தான் ஆகுது. பதினாலு மட்டும் சரி, அது எங்க வீட்ல மறக்கவே முடியாது.

கணக்கு வேணும்னா: அந்தத் தேர்தல்ல ஓட்டு விழுந்தது பேரூராட்சிகள் 74.68 சதவீதம், நகராட்சி 68.22, மாநகராட்சி 52.22, சென்னை 43.59. ஊரு சிறுசாக சிறுசாக ஏறுது. எங்க வார்டுல நின்னவங்க அஞ்சு பேருமே என் கடைல கடன் வச்சிருக்கவங்க, நான் போகாம இருக்க முடியுமா? சென்னை வார்டு ஒண்ணுல நின்னவர் மூஞ்சியையே பாதிப் பேரு போஸ்டர்லதான் பாத்திருப்பீங்க.

16.11.2025

ஒன்னரை வருசம் கழிச்சு வர்றேன். எஸ்.ஐ.ஆர்., அதான் வாக்காளர் லிஸ்ட்டை மொத்தமா சரிபாக்கிற வேலை, அதுக்கான பார்ம். கடைல நிக்க எடம் இல்ல. போன தடவை இப்படிச் சரிபாத்த 2002, 2005 லிஸ்ட்ல அப்பா பேரோ அம்மா பேரோ எங்க இருக்குன்னு தேடிக் குடுக்கிறதே முழு நேர வேலை ஆயிடுச்சு, அப்ப வச்ச இனிஷியல் ஒண்ணு இப்ப ஒண்ணு. பி.எல்.ஓ., அதாவது பூத்துக்கு லிஸ்ட் வேலை பாக்கிறவங்க, அங்கன்வாடி டீச்சரம்மா, பாவம், ராத்திரி எட்டு மணிக்கு எங்க கடை பெஞ்சில உக்காந்து ஏத்துறாங்க.

அவங்க கூட சேந்து எங்க தெரு லிஸ்ட்டைப் பாத்தேன். 62 பேரு. அதுல செத்தவங்க 5. கட்டிக் குடுத்துப் போன பொண்ணுங்க 4. பெங்களூர்ல இருக்கிறவங்க 6. மீதி 47 பேருதான் தினமும் ஊர்ல தூங்கி எழறவங்க. 2024 ஏப்ரல்ல எத்தனை பேரு போட்டாங்கன்னு விரல் விட்டு எண்ணினோம், 51 வந்துச்சு. வேன்ல வந்த ஆறும் சேத்து. போடாத ரெண்டு பேருல ஒருத்தர் ஆஸ்பத்திரில இருந்தாரு, இன்னொருத்தர் மேல சொன்ன கவர் வராத கோவக்காரர்.

லிஸ்ட்டுப்படி பாத்தா 82 சதவீதம். ஆனா போட முடிஞ்ச 53 பேருல 51. அது 96.

அஞ்சுல ஒண்ணு எங்க அப்பா. 2018ல போனாரு. 2019, 2021, 2024, மூணு தேர்தலுக்கும் அவருக்கு பூத் ஸ்லிப் வந்துச்சு. ஊருக்கெல்லாம் பார்ம் நிரப்புறேன், அவரு பேரை எடுக்க பார்ம் 7 மட்டும் போடல. அம்மா அந்தச் சீட்டை எடுத்து ரேஷன் கார்டுக்குள்ள வச்சுப்பாங்க, நானும் கேட்டதில்ல. இந்தத் தடவை டீச்சரம்மா "இறந்தவர்"னு எழுதிட்டாங்க.

20.12.2025

ட்ராப்ட் லிஸ்ட் வந்துடுச்சு. 6.41 கோடில 97 லட்சம் பேரைக் காணோம், இப்ப 5.43 கோடி. செத்தவங்க ஏறக்குறைய 27 லட்சம், வேற எடம் போனவங்க, ஆளே இல்லாதவங்க 66 லட்சம். சென்னைல மட்டும் 40 லட்சத்துல 14 லட்சத்துக்கு மேல போச்சு.

ஏலகிரி அண்ணே, நான் உங்களுக்கு ஒரு மன்னிப்பு கேக்கணும். சென்னைல நூத்துல முப்பத்தஞ்சு பேரு அட்ரஸ்ல இல்லாதவங்கன்னா மத்திய சென்னை கணக்கை வச்சுப் பாத்தா மீதி அறுவத்தஞ்சு பேருல 54 பேரு ஓட்டுப் போட்டிருக்காங்க. வகுத்துப் பாருங்க, 83. எங்க தர்மபுரியை விட ரெண்டு அதிகம்! சோம்பேறிங்கன்னு நெனச்சது ஆளுங்களை, பாதிக் குத்தம் லிஸ்ட்டு மேல. வாடகை வீடு மாறுறவன் ஒவ்வொரு வீட்லயும் ஒரு பேரை விட்டுட்டுப் போறான்ல.

20.12.2025, ராத்திரி

கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். எடுத்த எல்லாருமே இல்லாதவங்கன்னு எப்படிச் சொல்றது? பெங்களூர் ஆறு பேருல நாலு பேரை "இடம் பெயர்ந்தவர்"னு எடுத்துட்டாங்க. அந்த நாலு பேரும் போன தடவை வேன்ல வந்து லைன்ல நின்னவங்க. அவங்களை எடுத்துட்டா எங்க தெரு சதவீதம் ஏறுமா எறங்குமா? விழுந்த ஓட்டை அப்படியே வச்சுகிட்டு லிஸ்ட்டை மட்டும் கொறைச்சா சதவீதம் அழகா ஏறிகிட்டே போகும். சென்னை 14 லட்சத்துலயும் இந்த மாதிரி வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போனவன் இருப்பான், 83ங்கிறதை அழிச்சு எழுதிக்கங்க. 54க்கும் 83க்கும் நடுவுல எங்கயோ.

என்னைக் கேட்டா அந்த நாலு பேரு ஓட்டு இங்கதான் இருக்கணும். தூங்கறது பெங்களூரா இருக்கலாம், பொண்ணுக்குக் காது குத்தினது இங்க, கடன் இங்க. ஆனா சட்டம் எங்க குடியிருக்கன்னுதான் கேக்குது, அதுக்கு என் கிட்ட பதில் இல்ல.

22.12.2025

ஏலகிரி அண்ணே பேரே ட்ராப்ட்ல இல்லையாம். வேளச்சேரிலேர்ந்து மடிப்பாக்கம் மாறினாராம், பார்ம் குடுக்க யாரும் வரலையாம், தனியா மெசேஜ் போட்டிருக்காரு. அபார்ட்மெண்ட்ல மத்தவங்களைச் சொன்னீங்களேண்ணே.

பரவாயில்ல, 2026 ஜனவரி 18 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. பேரு சேக்கிறதுக்கு பார்ம் 6, கூடவே உறுதிமொழிப் படிவம், 2002 இல்ல 2005 லிஸ்ட்ல உங்க பேரு இல்லன்னா அப்பா அம்மா பேரு இருக்கிற பாகம் எண், வரிசை எண் எடுத்து வைங்க. ஆன்லைன்லயே போடலாம். போட்டோ பின்னாடி வெள்ளையா இருக்கட்டும், செல்ஃபி வேணாம், நேத்து ஒருத்தர் கூலிங் கிளாஸோட அனுப்பினாரு.